அயர்லாந்து ஏன் இன்னும் நேட்டோவில் சேரவில்லை?

பாளை மாணவன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறேன். பின்லாந்து 2023-லும் ஸ்வீடன் 2024-லும் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்துவிட்டன. அயர்லாந்து மட்டும் ஏன் அசையவில்லை? 'அமைதியை விரும்பும் நாடு' என்று வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு ஒப்பவில்லை.

உவரிக்காரன்:
தம்பி, அமைதி எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 1949-ல் நேட்டோ தொடங்கும்போதே அயர்லாந்தைக் கூப்பிட்டார்கள். வட அயர்லாந்தைக் கையில் வைத்திருக்கும் பிரிட்டனோடு ஒரே பந்தியில் உட்கார மாட்டோம் என்று சொல்லிவிட்டது. பங்காளித் தகராறு, அவ்வளவுதான்.

நான் கப்பலில் இன்ஜின் வேலை பார்த்தவன். கார்க் துறைமுகத்துக்குப் போயிருக்கிறேன். அவர்களுடைய கடற்படைத் தளம் அங்கேதான், ஹால்போலைன் தீவில். மாலுமிகள் கிடைக்காமல் ரோந்துக் கப்பல்களைக் கட்டிப்போடும் நிலைமை. போர் விமானம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைக்கிற இணையக் கேபிள்களில் பல அந்தக் கடல் வழியாகத்தான் போகின்றன. ரஷ்யக் கப்பல்கள் அங்கே சுற்றுவதும் சும்மா இல்லை.

2022 ஜனவரியில், தென்மேற்குக் கரையிலிருந்து சுமார் 240 கிலோமீட்டரில் குண்டு சுட்டுப் பயிற்சி செய்யப்போவதாக ரஷ்யா அறிவித்தது. அது அயர்லாந்தின் பொருளாதார மண்டலம்தான், அதாவது மீனும் கடல் வளமும் எடுக்க மட்டும் உரிமை உள்ள கடல்பகுதி. ஆனாலும் சர்வதேசச் சட்டப்படி தடுக்க முடியாது. அரசு கையைப் பிசைந்தது. மீனவர்களோ, 'எங்கள் பாட்டில் நாங்கள் வலை விடுவோம்' என்று கிளம்பினார்கள். கடைசியில் ரஷ்யா பயிற்சியை மண்டலத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டது. எங்கள் ஊர்க் கடற்கரையில் இந்தச் செய்தியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அம்பை வாத்தியார்:
முழு நடுநிலை என்று எழுதிவிடாதீர் வே. உறுப்பினர் ஆகாமலே நேட்டோவோடு ஒத்துழைக்கும் 'அமைதிக்கான கூட்டாண்மை' திட்டத்தில் 1999-லேயே சேர்ந்தாயிற்று. அமெரிக்கப் படையினர் ஷானன் விமான நிலையம் வழியாகப் போய்வருகிறார்கள். அதில் உள்ளூரில் ஏகப்பட்ட எதிர்ப்பு.

பாளை மாணவன்:
நன்றி சார். 'மூன்று பூட்டு' என்று ஒன்று படித்தேனே?

உவரிக்காரன்:
12 பேருக்கு மேல் படையை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்ப மூன்று சம்மதம் வேண்டும்: ஐ.நா., அரசு, நாடாளுமன்றம். ஐ.நா. பாதுகாப்பு அவையில் ரஷ்யா ஒரு வீட்டோ (தடை ஓட்டு) போட்டால் கதை முடிந்தது. அந்த ஐ.நா. பூட்டைக் கழற்றத்தான் இப்போது அரசு முயல்கிறது. எதிர்ப்பும் பலமாக இருக்கிறது. என்னைக் கேட்டால், நேட்டோவை அப்புறம் பார்க்கலாம். முதலில் மாலுமிகளின் சம்பளத்தைக் கூட்டி, கட்டிப்போட்ட கப்பல்களைக் கடலில் இறக்கட்டும்.