அய்யர் வீட்டுப் பிள்ளைகள் ✝️ (குடும்ப குரூப்)

நான்: அப்பாவுக்கு வியாழக்கிழமை கண் ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்க. இப்போ வரமாட்டேங்காவ. யாராவது பேசுங்க

ஜெபா: ஏன்க்கா

நான்: ஜெபம் பண்ணியாச்சு, கர்த்தர் பாத்துக்கிடுவார்ங்காவ. போன வருஷமும் இதே கதைதான்

சாமுவேல் மாமா: 🙏🙏

ஜெபா: மாமா இதுக்கும் கும்பிடா

டெய்சி அத்தை: பியூலா இத அண்ணனுக்கு வாசிச்சு காட்டு. இங்கிலாந்துல ஹாவொர்த்னு ஒரு ஊரு, அங்க பாட்ரிக் பிராண்டின்னு ஒரு சர்ச் ஐயர், நாவல் எழுதுன சார்லட்டோட அப்பா, அவருக்கும் இதே புரைதான், 1846ல ஆகஸ்ட் 25 மான்செஸ்டர்ல வச்சு ஆபரேஷன் பண்ணாங்க அப்போ அவருக்கு 69 வயசு, மயக்க மருந்தே கிடையாது

சாமுவேல் மாமா: பிராண்டியா? ஐயருக்கா?

ஜெபா: 😂😂😂

டெய்சி அத்தை: சாமுவேல் சும்மா இரு. மறுநாளே சார்லட் தோழிக்கு லெட்டர் போடுதா, சரியா கால் மணி நேரம் ஆச்சாம், அப்பா காட்டின பொறுமையப் பாத்து டாக்டருங்களே ஆச்சரியப்பட்டாங்களாம். ஈதர்ங்கிற மயக்க மருந்து குடுத்து ஆபரேஷன் பண்ணி ஊரறிய காட்டினது ரெண்டு மாசம் கழிச்சுத்தான், பாஸ்டன்ல

நான்: அத்தை இதக் கேட்டா ஆஸ்பத்திரி தெருப்பக்கமே வரமாட்டாவ 😭

டெய்சி அத்தை: முழுசா கேளு. இப்போ சொட்டு மருந்து ஊத்தியே மரக்க வச்சிருதாங்க. அந்த ஐயர் நாலு நாள் அசையாம இருட்டு ரூம்ல கிடந்தாரு, ரொம்ப பேசவும் கூடாது

சாமுவேல் மாமா: நாலு நாள் பேசாமலா. அத்தானால முடியாது

ஜெபா: அத்தை அந்த லெட்டர்லாம் இன்னும் இருக்கா

டெய்சி அத்தை: இருக்கே. நம்ம தாத்தா லெட்டர் வச்சிருந்த டிரங்க் பெட்டி எங்கன்னுதான் எனக்குத் தெரியல

சாமுவேல் மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

டெய்சி அத்தை: அழிச்சத நான் வாசிச்சிட்டேன். கரையான் அரிக்கட்டும்னு பரண்ல போட்டது யாரு?

நான்: இப்போ அது வேண்டாம் அத்தை. அப்பாட்ட வாசிச்சேன், அந்த ஐயர் ஜெபம் பண்ணலையான்னு கேக்காவ

டெய்சி அத்தை: பண்ணாம இருப்பாரா. அவரு பொஞ்சாதி மரியா 1821ல செத்துப் போனா, ஏழு மாசம் படுக்கை, ஆறு பிள்ளைங்க. இன்னொரு ஐயருக்கு எழுதுன லெட்டர்ல ஒளிக்காம சொல்லுதாரு, கடைசி போராட்டத்துல சத்துரு, அதான் சாத்தான், அவ மனச அடிக்கடி கலைச்சுப் போட்டான்னு. அவ்வளவு பக்தியான பொம்பளைக்கே. ஆறு பிள்ளைங்களும் இவருக்கு முன்னாலயே போச்சு. இவரு 84 வயசு வரை இருந்தாரு, ஆபரேஷனுக்கு அப்புறம் பிரசங்கமும் பண்ணாரு

ஜெபா: 😔

அப்பா: 🎤 0:41

சாமுவேல் மாமா: வாய்ஸ் திறக்கல. என்ன சொல்லுதாவ

நான்: ஆபரேஷன் நடக்கும்போது அந்தப் பொண்ணு எங்க இருந்துச்சுன்னு கேக்காவ

டெய்சி அத்தை: அதே ரூம்ல. அவரே கூட இருன்னு சொல்லியிருக்காரு. முடியுற வரை அவ பேசவும் இல்ல அசையவும் இல்ல

நான்: ஜெபா வருவானான்னு கேக்காவ

நான்: ஜெபா?

ஜெபா: அக்கா வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு

நான்: அம்மா ஆஸ்பத்திரில கிடந்தப்பவும் ரிலீஸ்தான்

டெய்சி அத்தை: பியூலா விடும்மா

ஜெபா: தட்கல் பாக்கேன். இப்போதைக்கு அப்பாட்ட சொல்லாத

நான்: சொல்லிட்டேன்

அப்பா: 🎤 0:06

நான்: வந்தா பாப்போம்ங்காவ

சாமுவேல் மாமா: ஞாயிறு சர்ச் அசன விருந்துக்கு நம்ம வீட்டுல இருந்து அரிசி எத்தன கிலோ?