மண்டையோட்டிலிருந்து முகம் செய்து ஆளை அடையாளம் காணேலுமா?

வடலி:
2025 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துச் செம்மணி மனிதப் புதைகுழியில் எடுத்த உடுப்பு, பாதணிகளைச் சனத்துக்குக் காட்டினவை. அதைப்போல மண்டையோட்டில் களிமண் பூசி முகத்தையும் செய்து காட்டேலாதா?

கொட்டடி:
செய்யலாம். ஆனால் மூல மண்டையோட்டில் களிமண் வைக்கவே கூடாது. கண்குழியின் மெல்லிய எலும்பு நொறுங்கிப்போகும். சி.ரி. ஸ்கான் எடுத்து, முப்பரிமாணத்தில் அச்சிட்ட பிரதியில்தான் வேலை. கீழ்த்தாடையைப் பொருத்தும்போது மூட்டுக்குழியில் 2–3 மி.மீ. விடவேண்டும், அங்கே குருத்தெலும்பு இருந்த இடம். பல்லை இறுக்கி ஒட்டினால் முகம் கட்டையாகிவிடும். பிறகு றப்பர் முளைகளைத் தசைத்தடிப்பின் அளவுக்கு வெட்டி ஒட்டுவது: நெற்றியில் 4–5 மி.மீ., கன்னத்தில் அதைவிடப் பல மடங்கு. அந்தத் தடிப்பு அளவுகளின் அட்டவணை எப்படி எடுத்தது என்று பாருங்கள். படுத்தபடி ஸ்கான் எடுத்தவரின் கன்னம் காதுப்பக்கம் சரிந்திருக்கும், நிமிர்ந்து இருக்கும்போது அளந்ததோடு ஒத்துவராது. காது, இமை, தலைமயிர் எல்லாம் ஊகம்தான்.

அரிதட்டு:
புதைகுழியிலேயே பாதி முகம் தொலைந்துவிடுகிறது. முன்பற்களுக்கு ஒற்றை வேர். பல்முரசு அழுகினால் கழன்று மண்ணுக்குள் விழும். தலையைச் சுற்றியுள்ள மண்ணை அரித்தெடுக்காமல் விட்டால் உதடு எங்கே நிற்கும் என்பதற்கு ஆதாரமே இல்லை. பல்குழியின் விளிம்பு கூராக இருந்தால் செத்தபின் கழன்ற பல். எலும்பு வளர்ந்து மூடியிருந்தால் உயிரோடிருக்கவே போனது. இதைக் கவனிக்காதவர் இளந்தாரிக்குப் பொக்கைவாய் வைத்துவிடுவார். சின்னப்பிள்ளைகளின் மண்டையோடு இன்னும் சிக்கல்: எலும்புப் பொருத்துகள் விட்டு, மண்பாரத்தில் வளைந்திருக்கும்.

வடலி:
சரி, தாய் வந்து "இது என்ரை பிள்ளைதான்" எண்டால் உறுதிதானே?

கொட்டடி:
இல்லை. வருசக்கணக்காகத் தேடுகிற தாய்க்கு எந்த முகத்திலும் பிள்ளையின் சாயல் தெரியும். முகம் சொந்தக்காரரைக் கூப்பிடத்தான். தொடையெலும்பிலோ பல்லிலோ எடுத்த மரபணுவைத் தாயின் மாதிரியோடு ஒப்பிட்ட பிறகுதான் பெயர்.

அரிதட்டு:
வீட்டில் படம் இருந்தால் முகம் செய்யத் தேவையே இல்லை, மண்டையோட்டின் மேல் படத்தைப் பொருத்திப் பார்க்கலாம். அடையாள அட்டைப் படத்தில் வாய் மூடியிருக்கும். பல் தெரியச் சிரித்த கலியாணவீட்டுப் படம் அதைவிட உதவும். இதுவும் "இவர் இல்லை" என்று ஒதுக்கத்தான் நல்லது. முகத்தை வெளியிடுவதென்றால் சாம்பல் நிறத்தில், தலைமயிரை மங்கலாக விடுங்கள். சுருள்முடிக்காரனுக்கு நேர்வகிடு எடுத்து வைத்தால் சொந்தச் சகோதரமே "இது ஆரோ" என்று கடந்துபோகும்.