சைக்கிளை ஒன்-பை (முன்னால் ஒற்றைப் பல்சக்கரம்) ஆக்கிய பிறகு நடு கியர்களில் செயின் தானாகத் தாவுகிறது. எங்கே பார்ப்பது?

நொய்யல்கரை:
வணக்கம். ஸ்டீல் ஃபிரேம், டிஸ்க் பிரேக், 700x32 டயர். பிஆர்எம் (நேரக்கெடு உள்ள நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டுவதும், பை கட்டிக்கொண்டு கோத்தகிரி ஏறுவதும் இந்த ஒரே வண்டியில்தான். முன்னால் ஷிமானோ 105-இன் 50/34 பல் இரட்டை ரிங், பின்னால் 11-34 பல் கேசட் (பின்சக்கரப் பல்லடுக்கு) இருந்தது. ஃபிரண்ட் டிரெய்லியர் (செயினைப் பல் மாற்றும் கருவி) தொல்லையே வேண்டாம் என்று ஒற்றைச் செயின்ரிங்குக்கு மாறிவிட்டேன். அதே கிராங்கில் வெளிப்பக்கமாக 40 பல் நேரோ-வைட் ரிங் (செயின் கழலாமலிருக்க ஒன்றுவிட்டு ஒரு பல் தடிப்பானது), பின்னால் எம்டிபி (மலை சைக்கிள்) வரிசையான எஸ்எல்எக்ஸ் 11-42 கேசட், ஜிஆர்எக்ஸ் ஆர்எக்ஸ்812 டிரெய்லியர், புது செயின். ஷிஃப்டர் மட்டும் பழைய 105, 11 ஸ்பீடு. எல்லாம் கடையில் மாட்டிக் கொடுத்ததுதான்.

பிரச்சினை இதுதான். நடு கியர்களில் அழுத்தி மிதித்தால் செயின் தானாகப் பக்கத்துப் பல்லுக்குத் தாவுகிறது. கேபிளை எப்படித் திருகினாலும் கொஞ்ச தூரம் சரியாக ஓடும், அப்புறம் மறுபடி அதே கதை. 42-இல் போட்டுப் பெடலைப் பின்னால் சுற்றினால் செயின் கீழே இறங்கிவிடுகிறது. குண்டும் குழியுமான ரோட்டில் முன் ரிங்கிலிருந்தும் கழன்றது. மொத்த செட்டும் ஒத்துவராத பொருளா?

டபுள்பெல்:
செயின்லைன் (முன் ரிங்குக்கும் கேசட்டுக்கும் இடையே செயின் ஓடும் கோடு) ப்ரோ. ரிங் வெளிப்பக்கம் இருக்கிறதே, அதுதான் காரணம். உள்பக்கம் மாட்டுங்கள், எல்லாம் சரியாகும்.

பழைய ஸ்போக்:
தம்பி, அவசரப்பட்டு ரிங்கைக் கழற்றாதீர்கள். பொருள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரும். 105 11 ஸ்பீடு ஷிஃப்டர் இழுக்கும் கேபிள் அளவும் ஆர்எக்ஸ்812-க்கு வேண்டிய அளவும் ஒன்றுதான். அந்த டிரெய்லியரும் 42 பல் வரைக்கும் என்றே செய்தது. எம்டிபி டிரெய்லியர் வாங்கியிருந்தால்தான் வம்பு.

முதலில் இரண்டு விஷயம் பாருங்கள். செயினை ஒதுக்கிவிட்டு, கேசட்டைக் கையால் பிடித்து வீலின் உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆடுகிறதா? அடுத்து, டிரெய்லியரில் இருக்கும் கிளட்ச் (செயின் துள்ளாமல் இறுக்கிப் பிடிப்பது) லீவர் ஆனா, ஆஃபா?

நொய்யல்கரை:
ஆடுகிறது அண்ணா! லேசாக, ஆனால் கடகட என்று சத்தம் கேட்கிறது. லாக்ரிங் (கேசட்டைப் பூட்டும் வளையம்) இறுக்கமாகத்தான் இருக்கிறது. லீவர் ஆஃபில் இருந்தது.

பழைய ஸ்போக்:
அப்படியென்றால் பாதி முடிந்தது. உங்கள் வீலில் இருப்பது ரோடு 11 ஸ்பீடு ஃப்ரீஹப் (கேசட் ஏறி உட்காரும் உருளை). அது பழைய 8, 9, 10 ஸ்பீடு ஹப்பைவிட 1.85 மி.மீ. நீளம். எம்டிபி 11 ஸ்பீடு கேசட்டில் பெரிய பல் ஸ்போக் பக்கம் குழிந்து உட்காரும் என்பதால் அதைப் பழைய குட்டை ஹப்புக்கே அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். ரோடு ஹப்பில் அதை அப்படியே போட்டால், கேசட்டை நெருக்கும் முன்பே லாக்ரிங் ஹப்பில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும், உள்ளே கேசட் ஆடிக்கொண்டிருக்கும். ஆடுகிற கேசட்டுக்குக் கேபிள் திருகி என்ன பயன்? 1.85 மி.மீ. ஸ்பேசரை முதலில் ஹப்பில் போட்டு, அதன் மேல் கேசட்டை ஏற்றி, லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள்.

செயின் கழன்றது கிளட்ச் ஆஃபில் இருந்ததால். வீல் கழற்றும்போது வசதிக்காக ஆஃப் செய்வார்கள், மாட்டியதும் ஆன் செய்ய மறந்துவிடுவார்கள். பின்னால் சுற்றும்போது 42-இலிருந்து இறங்குவதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஒற்றை ரிங்கில் அந்தக் கோணத்துக்கு அது சகஜம். ரோட்டில் யார் பின்னால் மிதிக்கிறார்கள்?

டபுள்பெல்:
சரி, ஆனால் ரிங் வெளியே இருந்தால் 42-க்குச் செயின் கோணலாகத்தானே போகும்?

பழைய ஸ்போக்:
போகும். நீண்ட ஓட்டத்தில் மணிக்கணக்கில் எந்தப் பல்லில் இருப்பார் என்று யோசியுங்கள். 40 ரிங், நிமிடத்துக்கு 80 சுற்று என்றால் 17 பல்லில் சுமார் 24 கி.மீ. வேகம், 15-இல் 27 சொச்சம், 19-இல் 22-ஐ ஒட்டி. இந்த மூன்றும் கேசட்டின் வெளிப்பாதியில் இருக்கின்றன. ரிங்கை உள்ளே தள்ளினால் ஏற்றத்தில் ஒரு மணி நேரம் செயின் நேராக ஓடும், மீதி நாள் முழுக்கக் கோணலாக ஓடும். அதோடு 40 பல் உள்பக்கம் போனால் செயின்ஸ்டேயில் (பின்சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாய்) உரசவும் வாய்ப்பு உண்டு.

மலைமுழுங்கி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த ஒன்-பை மோகமே எனக்குப் புரியவில்லை. ஏற்றத்துக்காக மாற்றினீர்கள் என்றால் கணக்குப் பாருங்கள் சார். மிக லேசான கியரில் முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால், முன்பு 34/34, அதாவது 1.00. இப்போது 40/42, அதாவது 0.95. ஐந்து சதவீதம்தான் லேசானது. மேலே 50/11 போய் 40/11 வந்ததில் இருபது சதவீதம் போச்சு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கி.மீ., சராசரியே நாலரை சதவீத ஏற்றம். பையோடு ஏறும்போது இந்த ஐந்து சதவீதத்தை முட்டி உணரவே உணராது. பல்லுக்குப் பல் இடைவெளி வேறு அதிகம்.

பழைய ஸ்போக்:
கணக்கு சரி. இடைவெளிப் புகாரை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஷிமானோ 11-34 கேசட்டிலும் 11-13-15-17-19-21, இந்த 11-42-இலும் அதே 11-13-15-17-19-21. சமதளத்தில் வித்தியாசமே இல்லை. அதற்கு மேல்தான் 24-28-32-37-42 என்று எட்டி எட்டிப் போகிறது, ஏற்றத்தில் அது பெரிய குறையில்லை. தவறு ரிங் அளவில் இருக்கிறது. 38 போட்டால் 38/42, சுமார் 0.90. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் 7 கி.மீ. வேகத்தில் ஏறலாம். மேலே 38/11-இல் 90 சுற்றுக்கு 40 கி.மீ. வரும். 200 கி.மீ. பிஆர்எம்முக்கு 13 மணி 30 நிமிடம் கொடுக்கிறார்கள், அதற்கு மேல் வேகம் எதற்கு? இறக்கத்தில் மிதிக்காமல் உட்கார்ந்து வரலாம்.

மலைமுழுங்கி:
38 என்றால் வாதம் பண்ண மாட்டேன். நான் இரட்டை ரிங்கிலேயே இருந்துகொள்கிறேன்.

நொய்யல்கரை:
ஸ்பேசர் போட்டாயிற்று. வீலோடு வந்த பையிலேயே ஒன்று கிடந்தது, கடையில் யாரும் அதைப் பிரிக்கவே இல்லை! தாவுவது நின்றுவிட்டது. கேசட் இடம் மாறியதால் கேபிளையும் லிமிட் ஸ்க்ரூவையும் (டிரெய்லியர் நகரும் எல்லையை வைப்பது) மறுபடி வைக்க வேண்டியிருந்தது. கிளட்ச் ஆனில் மோசமான ரோட்டிலும் செயின் கழலவில்லை. 42-இல் மட்டும் லேசாக ஒரு கரகரப்பு. 38 ரிங் வாங்கப் போகிறேன். செயினையும் வெட்ட வேண்டுமா?

பழைய ஸ்போக்:
வேண்டாம். ரிங்கில் 2 பல் குறைந்தால் செயினில் ஓர் இணைப்பு அளவுதான் மிச்சமாகும், வெட்டுவதானால் ஜோடியாகத்தான் வெட்ட முடியும். அப்படியே விடுங்கள். கரகரப்புக்கு டிரெய்லியரின் பி-ஸ்க்ரூவை (கேசட்டுக்கும் அதற்கும் இடைவெளி வைப்பது) பாருங்கள், 42 பல்லுக்கும் டிரெய்லியரின் மேல் புல்லிக்கும் (குட்டிப் பல்சக்கரம்) நடுவில் 5, 6 மி.மீ. இருந்தால் போதும்.