தைப்பூசத்தன்று மதிப்பெண்ணுள்ள செய்முறை வகுப்பு: விடுப்பை எப்படிக் கேட்பது?

ஈசூன் மாணவன்:
சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு வேதியியல் படிக்கிறேன். அம்மாவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் தைப்பூசத்தன்று பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். அன்று காலை ஒன்பது மணிக்கு மதிப்பெண்ணுள்ள செய்முறை வகுப்பு இருக்கிறது. நால்வராகச் சேர்ந்து செய்ய வேண்டியது. பொது விடுமுறையல்லாத நாளில் சமயக் காரணத்தைச் சொல்லி விடுப்புக் கேட்கலாமா? பேசாமல் உடல்நலமில்லை என்று மருத்துவரிடம் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்கிக்கொள் என்கிறார்கள் நண்பர்கள். விரதம் இருந்துகொண்டு அப்படிச் செய்ய மனம் ஒப்பவில்லை.

பகுதிநேர விரிவுரையாளர்:
தம்பி, தாராளமாகக் கேட்கலாம். எம்சி பக்கம் போகவே வேண்டாம். பொய்க் காரணம் சொல்லிப் பெற்றது தெரியவந்தால் அது ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியும்.

நீங்கள் ஏன் வரவில்லை என்பதைவிட, உங்களுக்கு எப்படி மதிப்பெண் இடுவது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. ஆகவே கடிதத்தில் காரணத்தை இரண்டு வரிகளில் முடித்துவிட்டு, அதே வாரத்தில் அதே சோதனையைச் செய்யும் வேறொரு வகுப்பின் நாளையும் நேரத்தையும் கண்டறிந்து, அங்கே சேர்ந்துகொள்ள அனுமதி கேளுங்கள். விரிவுரையாளர் வாய்மொழியாகச் சம்மதித்தாலும், வருகைப்பதிவில் குறை விழாமலிருக்க முறைப்படி விடுப்பு விண்ணப்பத்தையும் அனுப்பிவிட வேண்டும். திருவிழாத் தேதி மாதக்கணக்கில் முன்பே தெரிந்திருந்தும் முதல்நாள் இரவு பத்து மணிக்குக் கடிதம் எழுதும் மாணவர்கள் உண்டு. அவர்களுக்கும் பெரும்பாலும் இணங்கிவிடுகிறோம், முணுமுணுத்துக்கொண்டே.

தேக்கா பெரியவர்:
தைப்பூசம் முன்பு இங்கே பொது விடுமுறையாகத்தான் இருந்தது. 1968இல் விடுமுறை நாள்களைக் குறைத்தபோது இந்துக்கள் தரப்பு தீபாவளியை வைத்துக்கொண்டு தைப்பூசத்தை விட்டுக்கொடுத்தது. முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாள் விடுமுறையை விட்டுக்கொடுத்தார்கள். அதனால் உரிமையாகக் கோராமல் வேண்டுகோளாகவே எழுதுங்கள். விடுமுறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற வாதம் அவ்வப்போது எழுகிறது. எனக்கும் அந்த ஆசை உண்டு என்றாலும், உங்கள் செய்முறை வகுப்புக்கு அது உதவாது.

ஜூரோங் மாணவி:
நோன்புப் பெருநாளுக்கு ஒருநாள் மட்டுமே விடுமுறை என்பதால் எங்கள் வீட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. விரிவுரையாளருக்கு எழுதுவதற்கு முன் குழுவினரிடம் பேசிவிடுங்கள். கடைசியில் உங்கள் பங்கைச் சுமக்கப்போவது அவர்கள்தான். தைப்பூசத்தை ஒட்டியே சீனப் புத்தாண்டும் வருவதால், குடும்ப விருந்துக்காக முன்னதாகவே கிளம்ப விரும்பும் தோழர் ஒருவராவது குழுவில் இருப்பார். அவருடைய அறிக்கைப் பகுதியை நீங்கள் எழுதித் தருவதாகச் சொன்னால் மனத்தாங்கல் வராது.

ஆலயத் தொண்டூழியர்:
சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து நள்ளிரவை ஒட்டியே பால்குடங்கள் புறப்படத் தொடங்கிவிடும். அவை சென்றடையும் டேங்க் ரோடு முருகன் கோயில் அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவுதான். ஆகவே விடுப்புக் கிடைக்காவிட்டாலும், முன்கூட்டியே புறப்பட்டால் விடிவதற்குள் நேர்த்திக்கடனைச் செலுத்திவிடலாம். ஆனால் கண்விழித்த களைப்போடு ஆய்வுக்கூடத்தில் அமிலத்தைக் கையாள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஈசூன் மாணவன்:
அனைவருக்கும் நன்றி. அதே வாரம் வியாழன் பிற்பகலில் இன்னொரு வகுப்பு இதே சோதனையைச் செய்கிறது என்று குழுத்தோழி கண்டுபிடித்துச் சொன்னார். பால்குடத்துக்கான ரசீதையும் கடிதத்துடன் இணைக்கலாமா?

பகுதிநேர விரிவுரையாளர்:
இணையுங்கள். யாரும் கேட்கப்போவதில்லை, ஆனாலும் கோப்பில் இருக்கட்டும்.