களைப்பு என்றால் எங்கள் மேசையில் புளியங்கொட்டை

மொட்டைமாடி டிஎம்:

திருநகரில் என் வீட்டு மொட்டைமாடிதான் எங்கள் ஆட்டக்களம். ஞாயிறு சாயங்காலம் வெயில் இறங்கியதும் ஐந்து பேர் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். கதையை நடத்தும் டிஎம் நான். 2014 பதிப்பு விதிகள். கதை மட்டும் நம்ம ஊர்க் கதை. போன கோடையில் நான் கட்டியது இது: வருசநாட்டு மலையில் கிடைத்த ஒரு செப்பேட்டை வைகைக் கரையோடு நடந்தே மதுரைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆறு முழுக்க மணல். ஊற்றுத் தோண்டினால்தான் குடிதண்ணீர்.

நடைப்பயணக் கதை என்பதால் களைப்பு விதியை விடாமல் போட்டேன். ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தால், கூடுதலான ஒவ்வொரு மணிக்கும் உடல் தாக்குப்பிடிக்கிறதா என்று ஒரு பகடை உருட்ட வேண்டும். ஒன்பதாவது மணிக்கு இலக்கு 11, பத்தாவதற்கு 12, இப்படி ஏறும். தவறினால் களைப்பில் ஒரு படி. மொத்தம் ஆறு படி, ஆறாவதில் சாவு. வெயில் காலத்தில் தலைக்கு ஒரு நாளைக்கு இரண்டு காலன், அதாவது ஏழரை லிட்டர் தண்ணீர் வேண்டும். புத்தகத்தில் படிக்கும்போது ரொம்பக் கொடூரமாகத்தான் இருந்தது.

மேசையில் நடந்தது வேறு. வாள்வீரனுக்கு மூன்று படி ஏறிவிட்டது. அதன்பின் எதைச் செய்தாலும் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். அரை மணி நேரம் எதிலுமே ஜெயிக்கவில்லை. வாள்வீரனாக ஆடும் பையன் போனை எடுத்து கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அப்புறம் ஒருத்தர் விதியைப் புரட்டி, நல்ல ராத்தூக்கம் ஒன்றுக்கு ஒரு படி இறங்கும் என்று கண்டுபிடித்தார். "சரி, மூணு நாள் இந்தப் புளியமரத்தடியிலேயே படுத்துக்கிறோம்" என்றார்கள். என்னால் மறுக்க முடியவில்லை. கதையில் இவர்களைத் துரத்தி வருகிறவன் இன்ன நாளில் வந்து சேருவான் என்று நான் கணக்கே வைத்திருக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அந்த வாரம் அப்பத்தாவின் பல்லாங்குழிப் பெட்டி கண்ணில் பட்டது. அதிலிருந்த புளியங்கொட்டையில் ஒரு கை அள்ளிக்கொண்டேன். புது விதி இதுதான்: களைப்பு வந்தால் குறைந்த பகடையை எடுப்பதெல்லாம் கிடையாது. ஒரு கொட்டையை உங்கள் கையில் கொடுப்பேன். அதை உங்கள் கேரக்டர் ஷீட்டில், அதாவது கதாபாத்திரத்தின் திறமைகளை எழுதிய தாளில், ஏதாவது ஒரு திறமையின் மேல் நீங்களே வைக்க வேண்டும். வைத்தது வைத்ததுதான், எடுக்கும்வரை அந்தத் திறமை இல்லை. கொட்டையை எடுக்க வெறும் தூக்கம் போதாது, மண்டகப்படி வேண்டும், அதாவது வழியில் நின்று தங்கும் இடம். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கிவரும் வழியில் மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று வருகிறார் இல்லையா, அதே மாதிரி வரைபடத்தில் நான்கு இடங்களைக் குறித்தேன். தண்ணீர், சோறு, நிழல் மூன்றும் அங்கே மட்டும்தான். அங்கே தங்கினால் ஆளுக்கு ஒரு கொட்டை போகும், துரத்துகிறவன் அரை நாள் நெருங்குவான்.

வேட்டைக்காரியாக ஆடும் தங்கச்சி முதல் கொட்டையை யோசிக்காமல் நீச்சல் மேல் வைத்தாள். வைகையில் என்ன நீச்சல் என்று எல்லோரும் சிரித்தோம். இரண்டாவது பேச்சுத் திறமை மேல். மூன்றாவதை விரல் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். வில்லா, கூர்ந்து பார்க்கும் கண்ணா? மாடியில் சத்தமே இல்லை. கடைசியில் வில்லை மூடினாள். அன்று ராத்திரி ஊர்க்காரர்கள் வாசலில் போய் நின்றபோது பேச வேண்டியவளால் பேச முடியவில்லை. வாள்வீரன் முந்திக்கொண்டு வாயைக் கொடுக்க, ஊரே கம்போடு வந்துவிட்டது.

மேலூர்க்காரன்:

அண்ணே, நான் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவன். முதல் நாள் ஒருத்தருக்கும் களைப்புத் தெரியாது, பாட்டும் கூத்துமாகப் போகும். இரண்டாம் நாள் விடியக்காலை தரையில் கால் ஊன்றும்போதுதான் தெரியும். அதிலும் முதலில் போவது கால் இல்லை, பொறுமை. ஒரு வருசம் சுக்குக் காபி வாங்கப் போன மச்சான் எனக்குச் சர்க்கரை போடாமல் வாங்கிவந்துவிட்டான். அதற்கு ஒட்டன்சத்திரம்வரை நான் அவனோடு பேசவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

டார்ச்பேரர் என்று 2013இல் வந்த ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதில் நான்கு சுற்றுக்கு ஒரு தடவை ஆளாளுக்கு ஏதாவது ஒரு கேடு வந்து சேரும். பசி, களைப்பு, பயம் எல்லாம் உண்டு. கோபமும் அந்த வரிசையில் ஒன்று. எழுதினவர் நிச்சயம் எங்கேயோ நெடுந்தூரம் நடந்திருக்கிறார்! உங்கள் ஷீட்டிலும் 'பொறுமை' என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். எல்லோரும் முதல் கொட்டையை அதன்மேல்தான் வைப்பார்கள், அப்புறம் பாருங்கள் வேடிக்கையை.

இரவு ஷிஃப்ட்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான் பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து பகடையைத் தொடுகிறேன். அங்கேயும் கால் வலிக்க வேண்டுமா? எங்கள் குழுவில் அதே ஆட்டத்தின் 2024 பதிப்பு விதி. ஒரு படிக்கு இருபது பக்கப் பகடையில் இரண்டு கழியும், நடைவேகத்தில் ஐந்து அடி குறையும். ஒரே கணக்கு, முடிந்தது. யாரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒருத்தர் கொட்டையை இன்னொருத்தர் வாங்கிக்கொள்ளலாமா? வேலையிடத்தில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். முடியாதவன் கொஞ்சம் உட்காருவான், பக்கத்து ஆள் சேர்த்துப் பார்த்துக்கொள்வான்.

மொட்டைமாடி டிஎம்:

மேலூர்த் தம்பி சொன்ன 'பொறுமை' வரியைச் சேர்த்தாகிவிட்டது. முதல் செஷனிலேயே செப்பேட்டை யார் சுமப்பது என்று கேரக்டர்கள் சண்டை போட்டன. ஆடுகிறவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஷிஃப்ட் நண்பருக்கு: உங்கள் கேள்வியைப் படித்த அன்றே அதையும் விதியாக்கினேன். வாங்கலாம், ஆனால் அவருடைய மூட்டையையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். போன ஞாயிறு கதையில் மலையில் மழை பெய்து ராத்திரியில் வைகையில் வெள்ளம் வந்துவிட்டது. அக்கரைக்குப் போயே ஆக வேண்டும். எல்லோர் கண்ணும் தங்கச்சியின் ஷீட்டுக்குப் போனது, நீச்சல் மேல் இன்னும் அந்த முதல் கொட்டை. போன் பார்த்த அதே பையன் எட்டி அதை எடுத்து, தன் வாள் திறமை மேல் வைத்தான். ஒன்றும் பேசவில்லை. மூட்டையை மட்டும் வாங்கிக்கொண்டான். இப்போது அக்கரையில் நிற்கிறார்கள், எதிரிகள் அங்கேதான் இருக்கிறார்கள், வாள்வீரனுக்கு வாள் வீசத் தெரியாது.

இதற்கு நடுவில் அப்பத்தா பல்லாங்குழியை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, பதினாலு கொட்டை குறையுது, எவன்டா எடுத்தது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கதை முடிய இன்னும் இரண்டு ஞாயிறு ஆகும்.