பழைய சிங்க்ளேர் கால்குலேட்டர் தப்புத்தப்பாகக் காட்டுகிறது, உதவுங்கள்

பட்டன்பித்தன்: அவசரம். மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த சிங்க்ளேர் கால்குலேட்டர். பேட்டரி புதுசு, சிவப்பு எண்கள் பளிச்சென்று எரிகின்றன. 2 + 3 அழுத்தினால் 3-லேயே நிற்கிறது. 30 அடித்தால் 3.0000 என்கிறது. சிப் போய்விட்டதா?

சால்டர்புகை: எந்த மாடல்? வெறுமனே சிங்க்ளேர் என்றால் எதை வைத்துச் சொல்வது?

ஓம்ஸ்லா: மாடல் எதற்கு? சுவிட்ச் காண்டாக்ட்தான். கேம்பிரிட்ஜ் மாடலில் தங்க முலாமுக்குப் பதில் வெள்ளீயம் பூசிக் காசு மிச்சம் பிடித்தார்கள். ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள்.

எட்டுபிட்: எண்கள்தான் எரிகின்றனவே, சுவிட்சை ஏன் நோண்ட வேண்டும்? சமக்குறி பட்டன் இருக்கிறதா?

பட்டன்பித்தன்: இல்லை. புள்ளியும் இல்லை. மொத்தமே 18 பட்டன். 3.14159, 57.29578 என்று மேலே ஏதோ அச்சடித்திருக்கிறது.

பழையசிப்பு: இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? 1974-இல் வந்த சிங்க்ளேர் சயின்டிஃபிக் மாடல். பழுதே இல்லை. கையேடு படிக்கும் வழக்கம்தான் யாருக்கும் இல்லையே. குறி எண்ணுக்குப் பின்னால் வரும்: அழிக்கும் சி (C) பட்டனை அழுத்தி 2 +, அப்புறம் 3 +. முதல் இலக்கத்தை அடுத்துப் புள்ளி தானாக விழும். 30 வேண்டுமென்றால் 3, பத்தின் அடுக்கைக் குறிக்கும் ஈ (E), 1. சைன், ரேடியன் என்ற கோண அலகில் மட்டும். டிகிரியை வகுக்கத்தான் அந்த 57.29578.

ஓம்ஸ்லா: சமக்குறியில்கூடவா கஞ்சத்தனம்!

எட்டுபிட்: சாதாரணக் கூட்டல் கழித்தலுக்கென்று டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த சிப் அது. உள்ளே 320 கட்டளைகளுக்குத்தான் இடம். அதற்குள் சைன், லாக் எல்லாவற்றையும் சிங்க்ளேர் நிறுவனத்தின் நைஜல் சியர்ல் அடக்கினார். சைனுக்கு அட்டவணை கிடையாது, 0.001 ரேடியன் வீதம் கோணத்தைச் சுழற்றிக்கொண்டே போகும். 30 டிகிரிக்கு 500 சுற்றுக்கு மேல். விடை மெதுவாக வருவது அதனால்தான். 1972-இல் வந்த ஹெச்பி நிறுவனத்தின் அறிவியல் கால்குலேட்டர் ஹெச்பி-35 அப்போது 395 டாலர், இது 1974-இல் 49.95 பவுண்டு.

ஓம்ஸ்லா: மூன்று இலக்கத்துக்கு மேல் நம்ப முடியாத விடை. பெருக்க, வகுக்க நகர்த்திப் பார்க்கும் அளவுகோலான என் ஸ்லைடு ரூல் போதும், பேட்டரியும் வேண்டாம்.

பழையசிப்பு: ஸ்லைடு ரூலில் 2-ஐயும் 3-ஐயும் கூட்டிக் காட்டுங்கள், பார்க்கலாம்.

சால்டர்புகை: அது இருக்கட்டும், கேட்டவர் எங்கே?

பட்டன்பித்தன்: 5 வந்துவிட்டது. சைன் 30-உம் 0.5-க்குப் பக்கத்தில் வருகிறது. நன்றி அண்ணா.

ஓம்ஸ்லா: எதற்கும் அந்தச் சுவிட்சை ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.