புதுப்பிப்பு: அம்மாவின் ஈறு அரிப்பு

அம்மாவுக்கு ஈறு ஓயாமல் அரிக்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். கிராம்புத் தைலம் சொன்னவர்கள், பற்பசையை மாற்றச் சொன்னவர்கள், எல்லாருக்கும் நன்றி. கோலாலம்பூர் செந்தூலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

காரணம் பற்காரை, அதாவது பல்லில் கல்லுபோல் இறுகிய படிவு. டாக்டர் சின்னக் கண்ணாடியை வைத்து, கீழ் முன்பற்களின் உட்பக்கத்தைக் காட்டினார். ஈறோரம் சுண்ணாம்பு அப்பியதுபோல் மஞ்சளும் பழுப்புமாக இருந்தது. சில எச்சில் சுரப்பிகளின் வாய் அங்கே நாக்குக்கு அடியில்தான் திறக்கிறது. எச்சிலில் உள்ள கால்சியம் பல்லில் படிந்த அழுக்கோடு சேர்ந்து அங்கே இறுகிவிடுகிறது. இறுகிய பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பிரஷ்ஷுக்கு வராது. ஸ்கேலிங் செய்து, அதாவது கருவியால் சுரண்டித்தான் எடுத்தார்கள். ரத்தத்தைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார். வீங்கிய ஈறு அப்படித்தான் கசியும், பயந்து தேய்ப்பதை நிறுத்தினால்தான் மோசமாகும் என்றார் டாக்டர்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மருந்தில் வாய் கொப்பளிக்கச் சொல்லியிருக்கிறார், கொஞ்ச நாளைக்கு மட்டும். நீடித்தால் பல்லில் கறை படியும். தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம், அம்மா கவனிக்க வேண்டும்.

அம்மாவுக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பதையும் டாக்டர் விசாரித்தார். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் எளிதில் இறங்காது. வீட்டில் இனிப்புநீர் உள்ளவர்கள் ஈறைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பற்பசை யோசனையும் வீணில்லை. சிலருக்கு இலவங்கப்பட்டை வாசனை சேர்த்த பற்பசையே ஒவ்வாமையாகி அரிக்குமாம். அம்மாவுக்கு அது இல்லை.

அரிப்பு இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.